கேரியர் கிட் ரிவ்யூ: கப்பலுக்கு நாலு ஸ்டார், மேல நிக்கிற பிளேனுக்கு ஒண்ணரை

குன்னூர்ல மழை புடிச்சுக்கிட்டா வீட்டுக்குள்ளயே கெடக்கணும், அதனால ஜூன் மாசம் ஆன்லைன்ல 1/700 ஸ்கேல் நிமிட்ஸ் கிளாஸ் கேரியர் (அமெரிக்காவோட விமானம் தாங்கி கப்பல்) கிட் ஒண்ணு வாங்கினேன், நாமளே ஒட்டி பெயின்ட் அடிக்கிற பிளாஸ்டிக் மாடல். 2,900 ரூவா. கம்பெனி பேர் வேணாம், டப்பா நீல கலரு, அவ்ளோதான் சொல்வேன்.

கப்பல்ல குறை சொல்ல ஒண்ணுமில்ல. நெசக் கப்பல் 333 மீட்டர், இது 47 சென்டிமீட்டர் சொச்சம், டிவி ஸ்டாண்ட்ல கச்சிதமா உக்காந்துருச்சு. டெக், அதாவது பிளேன் நிக்கிற மேல்தளம், ஒரே பீஸ், எங்கயும் வளையல, உப்புத்தாள் தேய்க்குற வேலையே கம்மி.

பிளேன் பாக்கெட்ட பிரிச்சப்பதான் கடுப்பு. மொத்தம் 26. ஃபைட்டர்ல சூப்பர் ஹார்னெட் 14, டாம்கேட் 6, அப்புறம் எதிரி ராடார குழப்புற க்ரௌலர் 3, ராடார் சுமக்குற ஹாக்ஐ ஒண்ணே ஒண்ணு, ஹெலிகாப்டர் 2. டாம்கேட்ட அமெரிக்க நேவி 2006லயே ரிட்டயர் பண்ணிட்டாங்க, க்ரௌலர் ஸ்குவாட்ரனுக்கு (பிளேன் படைப்பிரிவு) வர ஆரம்பிச்சதே 2008ல. தாத்தா செத்தப்புறம் பொறந்த பேரன் தாத்தாவோட கல்யாண போட்டோல நிக்கிற மாதிரி இருக்கு.

அத விட பெரிய தப்ப கண்டுபுடிச்சது கீழ் வீட்டு அண்ணா. நேவில இருந்து ரிட்டயர் ஆனவர், நம்ம பழைய கேரியர் விராட் டெக்ல வேலை பாத்தவர். டீ குடிக்க வந்தவர் கண்ணாடிய ஏத்தி விட்டுட்டு குனிஞ்சு பாத்தாரு, "ஏன் தம்பி, ஹெலிகாப்டர் ரெண்டு போதுமா? எங்க கப்பல்ல மொதல்ல எந்திரிக்கிறதும் சேத்தக் ஹெலிகாப்டர்தான், கடைசியா எறங்குறதும் சேத்தக்தான், எவனாச்சும் கடல்ல விழுந்தா யாரு தூக்குறது"ன்னாரு. சீ கிங் ஹெலிகாப்டர் வேற, அந்தரத்துல நின்னு சோனார கயித்துல தண்ணிக்குள்ள எறக்கி சப்மரைன் சத்தம் கேக்குதான்னு பாக்குமாம். இந்த டப்பாக்காரங்களுக்கு ஃபைட்டர் மட்டும்தான் கண்ணுல பட்டிருக்கு.

அமெரிக்கன் ஏர் விங், அதாவது ஒரு கேரியர்ல இருக்குற மொத்த பிளேன் கூட்டம், கணக்கு பாத்தா ஃபைட்டர் ஸ்குவாட்ரன் நாலு, சுமார் 44 பிளேன், க்ரௌலர் அஞ்சுல இருந்து ஏழு, ஹாக்ஐ நாலஞ்சு, ஹெலிகாப்டர் ஸ்குவாட்ரன் ரெண்டு. ஹாக்ஐதான் கப்பலோட கண்ணு, முதுகுல 7 மீட்டர் தட்டு ஒண்ணு சுத்திக்கிட்டே இருக்கும், ஒண்ணு எறங்குறதுக்குள்ள அடுத்தது மேல ஏறணும், ஒத்த ஹாக்ஐய வச்சு என்ன பண்றது? கிட்ல அந்த தட்டு சட்டை பட்டன் மாதிரி தடியா வேற இருக்கு, ரெக்கை மடிச்ச பீஸும் இல்ல.

நம்ம விக்ராந்த்ல ஏன் ஹாக்ஐ இல்லன்னு அண்ணாகிட்ட கேட்டேன். கேட்டபுல்ட் (பிளேன இழுத்து வீசுற மெஷின்) கெடையாது, மிக்-29கே ஃபைட்டர் ஓடி வந்து கப்பல் மூக்குல இருக்குற மேடுல ஏறித்தான் பறக்கும், ஹாக்ஐக்கு அது ஒத்து வராது, அதனால காமோவ்-31 ஹெலிகாப்டர் வயித்துக்கு கீழ ராடார விரிச்சு சுத்த விடும்னாரு. பழைய விக்ராந்த்ல கேட்டபுல்ட் இருந்துச்சாம், 1971 போர்ல சீ ஹாக், அலிசே பிளேனுங்க அதுல இருந்து கெளம்பித்தான் கிழக்கு பாகிஸ்தான்ல இருந்த காக்ஸ் பஜார அடிச்சுது. இத சொல்லும்போது டீ ஆறிப்போச்சு, மனுசன் கண்டுக்கவே இல்ல.

எரிபொருள் ஊத்துற வேலையயும் சூப்பர் ஹார்னெட்டே பாத்துக்கும், ரெக்கைக்கு கீழ நாலு டேங்க், வயித்துல குழாய் வச்ச கூடு (பாட்) ஒண்ணு. கிட்ல அது இல்ல, நான் மிச்ச பிளாஸ்டிக் கம்பிய மெழுகுவத்தில காட்டி இழுத்து துண்டு துண்டா வெட்டி ஒட்டினேன், ரெண்டு ராத்திரி போச்சு, கண்ணு எரிஞ்சதுதான் மிச்சம்.

டெக்கால் (பிளேன் மேல ஒட்டுற எழுத்து, நம்பர் ஸ்டிக்கர்) சுமார் ரகம். பிளேன் நம்பர் ஸ்குவாட்ரனுக்கு ஒரு நூறு, 100, 200ன்னு போயி க்ரௌலர் 500ல, ஹாக்ஐ 600ல இருக்கணும், இதுல எல்லாமே 100 வரிசை. லென்ஸ் இல்லாம யாருக்கும் தெரியாது, ஆனா எனக்கு தெரியுமே.

மலைல இருக்கறவங்களுக்கு ஒண்ணு, வார்னிஷ் அடிக்கும்போது ஜன்னல தொறக்காதீங்க, மிஸ்ட் உள்ள வந்து டெக் பூரா வெள்ளை பூத்துருச்சு எனக்கு, மறுபடி அடிச்சேன். பெயின்ட் காய ரெண்டு நாள் ஆகுது, டெக்காலுக்கு வீட்டம்மாவோட ஹேர் டிரையர்தான் கை குடுத்துச்சு.

கப்பலுக்காக வாங்கலாம், ஏர் விங்குக்கு தனியா பிளேன் செட் ஒண்ணு வாங்கியே ஆகணும், பட்ஜெட்ல அதையும் சேத்துக்கோங்க. டாம்கேட் ஆறும் தீப்பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கு, 2003 கப்பல் பண்றவங்க குன்னூர் கோத்தகிரி பக்கம் யாராச்சும் இருந்தா வந்து எடுத்துக்கோங்க, பதிலுக்கு ஒரு ஹாக்ஐ குடுத்தா போதும்.