டிரைவ் எழுத்திலிருந்து முழுப் பாதைக்கு: அலுவலகக் கோப்பு இணைப்புகளுடன் நீண்ட காலப் பழக்கம்

பொதுச் சர்வரில் இருக்கும் ஓர் ஆவணத்தைச் சக ஊழியருக்குக் காட்ட வேண்டுமென்றால், கோப்பையே மின்னஞ்சலில் அனுப்பலாம் அல்லது அது இருக்கும் இடத்துக்கு ஓர் இணைப்பை அனுப்பலாம். கோப்பை அனுப்பினால் ஆளுக்கொரு பிரதி உருவாகி, எது இறுதி வடிவம் என்ற குழப்பம் வந்துவிடும் என்பதால், எங்கள் குழு வெகுகாலமாக இணைப்புகளையே பயன்படுத்துகிறது. ஆனால் அனுப்பியவரிடம் திறக்கும் இணைப்பு பெற்றவரிடம் திறப்பதில்லை என்பதே இதில் ஓயாத தொல்லை. எந்த ஏற்பாடுகள் ஆண்டுக்கணக்கில் நிலைத்தன, எவை நிலைக்கவில்லை என்பதைப் பயன்படுத்துபவர் என்ற நிலையிலிருந்து பதிவு செய்கிறேன்.

முதல் காரணம் டிரைவ் எழுத்து. என் கணினியில் இசட் என்ற எழுத்தில் தெரியும் பகிர்வு (சர்வரில் எல்லோருக்கும் பொதுவாகத் திறந்துவிடப்பட்ட கோப்புறை), பக்கத்து மேசையில் எக்ஸ் ஆக இருக்கலாம், அல்லது எந்த எழுத்தும் ஒதுக்கப்படாமலே இருக்கலாம். விண்டோஸில் 'பாதையாக நகலெடு' என்ற வசதி, விண்டோஸ் 10 இல் ஷிஃப்ட் விசையோடு வலது கிளிக் செய்தாலும், விண்டோஸ் 11 இல் கன்ட்ரோல், ஷிஃப்ட், சி விசைகளைச் சேர்த்து அழுத்தினாலும் கிடைக்கிறது. ஆனால் எழுத்து ஒதுக்கிய டிரைவுக்குள் இருந்து நகலெடுத்தால் அதுவும் அந்த எழுத்தையே தருகிறது. மேற்கோள் குறிகளையும் சேர்த்துவிடுகிறது. அந்த எழுத்துக்குப் பின்னால் இருக்கும் உண்மையான முகவரியை, கட்டளைச் சாளரத்தில் 'நெட் யூஸ்' என்று அடித்துப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு பின்சாய்வுக்கோடுகளோடு தொடங்கி, சர்வர் பெயர், பகிர்வின் பெயர், கோப்புறை என்று நீளும் \\சர்வர்\பகிர்வு\கோப்புறை வடிவப் பாதையைத்தான் யுஎன்சி பாதை என்கிறோம். எக்ஸ்ப்ளோரரில் டிரைவ் எழுத்து வழியாக நுழையாமல், இந்த முழுப் பாதை வழியாகவே நுழைவதை வழக்கமாக்கிக்கொண்ட பிறகு, நகலெடுக்கும் ஒவ்வொரு முறையும் சரியான பாதையே கிடைக்கிறது. இந்த ஒரு பழக்கம் எங்கள் தொல்லையில் பெரும்பகுதியைத் தீர்த்தது.

அடுத்தது பெயர்கள். பாதையில் ஓர் இடைவெளி இருந்தால், மின்னஞ்சல் செயலி அந்த இடைவெளி வரைதான் இணைப்பாக்கும்; மீதி வெறும் எழுத்தாக நின்றுவிடும். முழுப் பாதையையும் கோண அடைப்புக்குறிகளுக்குள் இட்டால் அவுட்லுக் அதை ஒரே இணைப்பாக எடுத்துக்கொள்கிறது. இடைவெளிக்குப் பதிலாக %20 என்று எழுதுவதும் பயன்படும். பெயரில் # குறி இருந்தால் சிக்கல் வேறு வகையானது. ஆஃபீஸ் செயலிகள் அந்தக் குறிக்குப் பின்னால் வருவதை ஆவணத்தின் உட்பகுதியைச் சுட்டும் அடையாளமாக எடுத்துக்கொள்வதால், இணைப்பு சரியான கோப்பைப் போய்ச் சேர்வதில்லை.

தமிழில் பெயரிடுபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. இணைய முகவரி வடிவத்துக்கு மாற்றும்போது யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளாகி, ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்துகளாக எழுதப்படுகிறது. 'அறிக்கை' என்ற சொல்லில் இருக்கும் 7 குறியீடுகள் இப்படி 63 எழுத்துகளாக நீள்கின்றன. எளிய உரை வடிவில் அனுப்பும் மின்னஞ்சலை அவுட்லுக் இயல்பாக 76 எழுத்துகளுக்கு ஒரு வரி என மடிப்பதால், இவ்வளவு நீளும் முகவரி நடுவில் உடையக்கூடும். கோப்புக்குத் தமிழ்ப் பெயர் வைப்பதை இதற்காகக் கைவிட வேண்டும் என்று நான் கருதவில்லை. மேல் நிலைக் கோப்புறைகளின் பெயர்களைச் சுருக்கமாக வைத்துக்கொண்டாலே போதுமானது. முழுப் பாதையின் நீளத்துக்கு விண்டோஸ் வைத்திருந்த பழைய 260 எழுத்து வரம்பு விண்டோஸ் 10 இன் 1607 பதிப்புக்குப் பிறகு தளர்த்தக்கூடியதாகிவிட்டது என்றாலும், அந்த அமைப்பை இயக்கினாலும் எல்லாச் செயலிகளும் அதை மதிப்பதில்லை என்பதால், குறுகிய பெயர்கள் அங்கும் உதவுகின்றன.

இவையெல்லாம் சரியாக இருந்தும், சர்வரை மாற்றிய அன்று பழைய இணைப்புகள் மொத்தமாகச் செத்துப்போகும். இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல விடை டிஎஃப்எஸ் என்ற பெயர்வெளி ஏற்பாடுதான். பாதையில் இயந்திரத்தின் பெயர் வராமல் நிறுவனத்தின் டொமைன் பெயர் வரும். அதற்குப் பின்னால் எந்தச் சர்வர் இருக்கிறது என்பதை நிர்வாகி மாற்றிக்கொள்ளலாம். பயனருக்கு எதுவும் தெரியாது. இந்த ஏற்பாடு வந்த பிறகு, பல ஆண்டுகளுக்கு முந்தைய மின்னஞ்சலில் உள்ள இணைப்பும் எங்களிடம் திறக்கிறது. தகவல் தொழில்நுட்பப் பிரிவினரிடம் ஒரே ஒரு கோரிக்கை வைக்க வாய்ப்புக் கிடைத்தால் இதையே கேளுங்கள் என்பேன். ஆனால் கோப்பையோ கோப்புறையையோ யாராவது வேறிடத்துக்கு நகர்த்தினாலோ பெயர் மாற்றினாலோ டிஎஃப்எஸ்ஸாலும் காப்பாற்ற முடியாது. அதனால் நாங்கள் கோப்புக்கு நேரடி இணைப்பு தராமல், கோப்புறைக்கு இணைப்பு தந்து, கோப்பின் பெயரைத் தனியே எழுதுகிறோம். பார்க்க மட்டுமே வந்தவர் ஆவணத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, திருத்த வந்தவருக்கு அது பூட்டிக் கிடக்கும் நிலையும் இதனால் குறைந்திருக்கிறது.

உலாவி வழியாக இணைப்பு தருவது எங்களுக்குச் சரிவரவில்லை. இணையப் பக்கத்தில் இருந்து உள்ளூர்க் கோப்புப் பாதைக்குச் செல்வதை குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டும் பாதுகாப்புக் காரணமாகத் தடுக்கின்றன. கிளிக் செய்தால் ஒன்றும் நடப்பதில்லை. அதனால் உள் அறிவிப்புப் பக்கங்களில் பாதையை எழுத்தாகவே தந்து, எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் ஒட்டச் சொல்கிறோம். எக்செல் இணைப்புகளை இயல்பாகவே சார்புப் பாதையாக, அதாவது அட்டவணை இருக்கும் இடத்தை வைத்துக் கணக்கிடும் பாதையாகச் சேமிக்கும் குணம் உடையது; இணைப்புகள் நிறைந்த அட்டவணையை வேறிடத்துக்கு நகர்த்தினால் அவை தவறான இடத்தைக் காட்டத் தொடங்கிவிடும். குறுக்குவழிக் கோப்பை மின்னஞ்சலில் அனுப்ப நினைக்க வேண்டாம். அவுட்லுக் அந்த வகையைத் தடுத்துவிடும். மேக் கணினி வைத்திருப்பவருக்குப் பாதையை எஸ்எம்பி (smb://) முன்னொட்டோடும் முன்சாய்வுக்கோடுகளோடும் மாற்றித் தர வேண்டும்.

இணைப்பு அனுப்புவது அனுமதி தருவதாகாது. பகிர்வுக்கு ஓர் அனுமதியும், கோப்புறைக்கு மற்றோர் அனுமதியும் இருக்கின்றன. இரண்டில் எது கண்டிப்பானதோ அதுவே செல்லும். 'திறக்கவில்லை' என்று பதில் வந்தால், வீட்டிலிருந்து வேலை செய்பவர், அலுவலக வலையமைப்போடு இணைக்கும் விபிஎன் இணைப்பில் இருக்கிறாரா என்பதையும், சர்வரின் சுருக்கப் பெயருக்குப் பதிலாக முழு டொமைன் பெயரை இட்டால் திறக்கிறதா என்பதையும் முதலில் பார்க்கிறேன்.

இப்போது எங்கள் ஆவணங்களில் ஒரு பகுதி மேகச் சேமிப்புக்கு மாறியிருக்கிறது. கூகுள் டிரைவில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் அடையாளக் குறியீடு இருப்பதால், பெயரை மாற்றினாலும் இணைப்பு உடைவதில்லை. ஷேர்பாயின்ட்டில் பகிர்வு இணைப்பும் பெயர் மாற்றத்தைத் தாங்குகிறது. இவ்விடத்தில் மேகமே மேல் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மேகத்தில் உள்ளதன் பிரதியைக் கணினியில் வைத்திருக்கும் ஒத்திசைவுக் கோப்புறையில் இருந்து பாதையை நகலெடுத்து அனுப்பினால், அது அனுப்பியவரின் சி டிரைவைத்தான் காட்டும். பழைய நோய் புதிய இடத்தில் வந்துவிடும். தனிநபரின் ஒன்டிரைவில் இருந்து பகிரப்பட்ட கோப்புகளிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. அவர் வேலையை விட்டுச் சென்று, அவருடைய கணக்கும் நீக்கப்பட்டால், நிர்வாகி மாற்றி அமைக்காதவரை அந்தச் சேமிப்பு இயல்பாக 30 நாள்கள்தான் தக்கவைக்கப்படும். ஆகவே, குழுவுக்குப் பொதுவானது எதுவாக இருந்தாலும் குழுவின் தளத்தில் வைத்த பிறகே இணைப்பு எடுக்கிறோம். அதுவும் 'யார் வேண்டுமானாலும்' என்ற வகையைத் தவிர்த்து, 'ஏற்கெனவே அணுகல் உள்ளவர்கள்' என்ற வகையில்தான்.