பெங்களூரில் இரண்டு வகை ஓட்டு: எது தேறும்?

சட்டமன்றத் தேர்தலுக்கு ஓட்டு இயந்திரம். பட்டனை அழுத்தினால் விவிபேட் (போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் கருவி) கண்ணாடிக்குள் சீட்டு 7 விநாடி தெரியும். சின்னத்தைச் சரிபார்க்காமல் நகராதீர்கள். வேகத்துக்கு முழு மதிப்பெண். குறை கணக்கில்தான்: 100 ஓட்டு 40, 35, 25 எனப் பிரிந்தால், 60 பேர் தேர்ந்தெடுக்காதவரே ஜெயிப்பார்.

சட்ட மேலவையின் பட்டதாரி தொகுதியில் (பட்டதாரிகள் மட்டும் ஓட்டுப் போடுவது) இது எளிதில் நேராது. அங்கே வாக்குச் சீட்டில் வேட்பாளர்களை விருப்ப வரிசைப்படி எண்ணிட வேண்டும். கடைசி ஆளை நீக்கி, அந்த 25 சீட்டின் இரண்டாம் விருப்பத்தை மற்றவர்களுக்குச் சேர்ப்பார்கள். 35 வாங்கியவர் முந்தலாம். எண்ணி முடிக்கத்தான் நேரமாகும். சாவடியில் தரும் ஊதா ஸ்கெட்ச் பேனாவால் 1, 2, 3 என்று எண்ணாகவே எழுதுங்கள். டிக் போட்டால் செல்லாது (பட்டதாரிகளுக்கே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது!). 1 மட்டும் எழுதினால் செல்லும், ஆனால் உங்கள் ஆள் நீக்கப்பட்டதும் அந்தச் சீட்டு அங்கேயே நின்றுவிடும்.