ஆறு வருடமாக போஸ்ட்கிரெஸ்: கீழமாசி வீதிக் கடையிலிருந்து ஒரு விமர்சனம்

மதுரை கீழமாசி வீதியில் ஒரு பலசரக்கு மொத்தக் கடைக்கு 2019-இல் பில்லிங் எழுதிக் கொடுத்தேன். ஏழு கவுன்ட்டர், கப்பலூர் பக்கம் ஒரு குடோன், மாடிப்படிக்குக் கீழே வத்தல் மூட்டைக்குப் பக்கத்தில் சர்வர். சர்வர் மூடியைக் கழற்றினால் முதலில் தும்மல்தான் வரும், ஃபேனில் அவ்வளவு மிளகாய்த் தூசி. அதற்குள்ளே ஓடுவது போஸ்ட்கிரெஸ்க்யூஎல், சுருக்கமாக போஸ்ட்கிரெஸ். பில், இருப்பு, கடன் பாக்கி எல்லாவற்றையும் சேர்த்து வைக்கும் டேட்டாபேஸ்.

அன்று கடை முதலாளி அண்ணாச்சி கேட்டது: "அந்த டேட்டாபேஸுக்கு எவ்வளவு தம்பி?"

"காசு கிடையாது அண்ணாச்சி."

"ஓசியில வர்றத நம்பி என் கணக்க வைக்கச் சொல்றியா?"

நியாயமான கேள்விதான். 1986-இல் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாக ஆரம்பித்தது, 1996-இல் இப்போதைய பெயர் வந்தது, எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை, வருடத்துக்கு ஒரு புது வெர்ஷன் வரும், ஒவ்வொன்றுக்கும் ஐந்து வருடம் திருத்தம் தருவார்கள் என்று விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நம்ம கடை 88. அப்ப இது நமக்கு மூத்தது" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

ஆறு வருடம் கழித்துச் சொல்கிறேன், நல்ல சாமான். ஆனால் பழைய கடைகளில் ஒரு கணக்குப்பிள்ளை இருப்பாரே, சீட்டு இல்லாமல் ஒரு ரூபாயை நகர்த்த மாட்டார், முதலாளியே கேட்டாலும் "எழுதிக் குடுங்க" என்பார், அந்த ரகம். முறைத்துக்கொண்டு நின்றால் ஏன் முறைக்கிறது என்பதை லாக் ஃபைலில் எழுதி வைத்திருக்கும். நாம் அதைப் படிக்காமல் இணையத்தில் தேடிக்கொண்டிருப்போம். நானும் முதல் வருடம் முழுக்க அப்படித்தான் இருந்தேன்.

முதல் நாளே வாசலில் நிறுத்தியது. பாஸ்வேர்ட் சரி, ஆனாலும் 'பியர் ஆதென்டிகேஷன் ஃபெயில்டு'. நான் பாஸ்வேர்டை மூன்று தடவை மாற்றிப் பார்த்தேன், அது பாஸ்வேர்டைக் கேட்கவே இல்லை என்பது உறைக்கவில்லை. உபுன்டு என்ற லினக்ஸில் அதே மெஷினிலிருந்து நுழைந்தால், லினக்ஸில் நீங்கள் யாரோ அதே பெயரில்தான் டேட்டாபேஸிலும் இருக்க வேண்டும், பியர் என்றால் அவ்வளவுதான். முகவரியில் லோக்கல்ஹோஸ்ட் (இதே மெஷின் என்று அர்த்தம்) என்று கொடுத்து உள்ளே போனால் பாஸ்வேர்டைக் கேட்கும். அது முடிந்தால் அடுத்து கவுன்ட்டர் மெஷின்கள். இங்கே இரண்டு எர்ரர் வரும், இரண்டும் ஒன்றில்லை. 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று வந்தால் போஸ்ட்கிரெஸின் வாசல் எண்ணான 5432 போர்ட்டில் காது கொடுக்க ஆளே இல்லை என்று அர்த்தம். ஒன்று சர்வர் ஓடவில்லை, இல்லையென்றால் எந்த முகவரியில் காது கொடுப்பது என்ற லிஸன் அட்ரஸஸ் செட்டிங் இன்னும் லோக்கல்ஹோஸ்ட்டிலேயே கிடக்கிறது, மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். 'நோ பிஜி ஹெச்பிஏ என்ட்ரி' என்று வந்தால் கதவு வரை வந்தாகிவிட்டது, உள்ளே விடும் பட்டியலில் உங்கள் பெயர் இல்லை. அந்தப் பட்டியல் இருக்கும் பிஜி ஹெச்பிஏ ஃபைலில் ஒரு வரி சேர்த்து ரீலோட் செய்தால் போதும், ரீஸ்டார்ட் வேண்டாம். இது தெரியாமல் வியாபார நேரத்தில் சர்வரை நிறுத்தி ஏற்றி வசவு வாங்கியிருக்கிறேன். அப்புறம் வெர்ஷன் 15 முதல், புது டேட்டாபேஸில் சாதாரண யூசர் பப்ளிக் ஸ்கீமா என்ற பொது இடத்தில் டேபிள் உருவாக்க முடியாது. பழைய பாடங்களைப் பார்த்துச் செய்கிறவர்கள் 'பெர்மிஷன் டினைட்' என்று முட்டிக்கொள்வது இங்கேதான். உரிமையைத் தனியாகக் கிராண்ட் செய்ய வேண்டும்.

இதெல்லாம் சில்லறை. 2021 தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு நடந்ததுதான் எனக்குப் பாடம்.

சாயங்காலம் ஏழு மணி, கடையில் நிற்க இடமில்லை. ஒவ்வொரு கவுன்ட்டராக உறைந்தது. ஐந்து நிமிடத்தில் 'சாரி, டூ மெனி கிளையன்ட்ஸ் ஆல்ரெடி' என்று எல்லாத் திரையிலும். சாரி என்ற வார்த்தை அந்த எர்ரரில் நிஜமாகவே இருக்கிறது, மரியாதையாகத்தான் வெளியே தள்ளும். ஏழு கவுன்ட்டர்தான், ஒரே நேரத்தில் 100 கனெக்‌ஷன் என்பது உச்சவரம்பு, எப்படி நிரம்பும்? நானும் உள்ளே போய்ப் பார்க்க முடியவில்லை. அவசரத்துக்கு என்று, எல்லா உரிமையும் உள்ள சூப்பர்யூசருக்கு மூன்று இடம் எப்போதும் ஒதுக்கி வைத்திருப்பார்கள், ஆனால் நான் சோம்பேறித்தனத்தில் பில்லிங் புரோகிராமையே சூப்பர்யூசராக ஓடவிட்டிருந்தேன், அந்த மூன்றையும் அதுவே தின்றுவிட்டது. இதை யாரும் செய்யாதீர்கள்.

காப்பாற்றியது, ஓடுகிற புராசஸ்களை (புரோகிராம்களை) வரிசையாகக் காட்டும் லினக்ஸின் பிஎஸ் கமாண்ட். போஸ்ட்கிரெஸில் ஒரு கனெக்‌ஷனுக்கு ஒரு புராசஸ். எந்த மெஷினிலிருந்து வந்திருக்கிறது, இப்போது என்ன செய்கிறது என்பதெல்லாம் அந்தப் புராசஸின் பெயரிலேயே தெரியும். வரிசையாக 'அப்டேட் வெயிட்டிங்', 'அப்டேட் வெயிட்டிங்', நடுவில் ஒன்று மட்டும் 'ஐடில் இன் ட்ரான்ஸாக்‌ஷன்'. அதாவது வேலையைத் தொடங்கிவிட்டுப் பாதியில் சும்மா நிற்கிறது. மெஷின் முகவரியான ஐபி பார்த்தால் மூன்றாம் கவுன்ட்டர். ஓடிப் போனேன். திரையில் பாதி பில், துவரம்பருப்பு வரியில் கர்சர் மினுக்கிக்கொண்டு நிற்கிறது. "என்னக்கா இது?" என்றேன். மேலூரிலிருந்து வந்த கடைக்காரர் பருப்பு 25 கிலோவா 50 கிலோவா என்று மச்சானிடம் கேட்க போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போயிருக்கிறாராம், உள்ளே சிக்னல் இல்லையாம்.

தப்பு என்னுடையது. பில்லில் ஒரு வரி சேர்த்த உடனே இருப்பைக் குறைத்துவிட்டு, எல்லாம் சேர்ந்து ஏறும் அல்லது எதுவுமே ஏறாது என்று கட்டிவைக்கும் வேலையான ட்ரான்ஸாக்‌ஷனை முழு பில்லும் முடியும் வரை திறந்தே வைக்கும்படி எழுதியிருந்தேன். ஆகவே இருப்பு டேபிளில் துவரம்பருப்பு வரிக்கு மேலூர்க்காரர் பூட்டுப் போட்டுவிட்டு வாசலில் நிற்கிறார். தீபாவளி சமயத்தில் பருப்பு வாங்காத பில் உண்டா? மற்ற ஆறு கவுன்ட்டரும் அந்தப் பூட்டுக்குப் பின்னால் வரிசை. அதிலும் என் புத்திசாலித்தனம், பத்து விநாடி பதில் வராவிட்டால் பழைய கனெக்‌ஷனை அப்படியே விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று திறக்கும்படி வைத்திருந்தேன். இந்தப் பக்கம் கைவிட்டாலும், பூட்டுக்காகக் காத்திருக்கும் புராசஸ் சர்வரில் உயிரோடுதான் இருக்கும். மூன்று நிமிடத்தில் நூறு தாண்டியதில் ஆச்சரியமில்லை.

கேன்சல் அழுத்தியதும் கடை மூச்சுவிட்டது. அன்று ராத்திரியே ட்ரான்ஸாக்‌ஷனைக் கடைசி சேவ் பட்டனுக்குள் சுருக்கினேன், பில்லிங்குக்குத் தனி யூசர் போட்டேன், சும்மா திறந்து கிடக்கும் ட்ரான்ஸாக்‌ஷனை ஒரு நிமிடத்தில் வெட்டிவிடும் செட்டிங்கையும் வைத்தேன். அந்த செட்டிங் தானாக வராது, மதிப்பு பூஜ்யத்தில் இருக்கும், பூஜ்யம் என்றால் எவ்வளவு நேரமும் கிடக்கலாம். இது எனக்கு ஒரு மனத்தாங்கல். உச்சவரம்பை 500 ஆக்கினால் சரியாகிவிடும் என்று ஒரு நண்பர் சொன்னார். பூட்டு பூட்டாகத்தான் இருந்திருக்கும், நூறுக்குப் பதில் ஐந்நூறு பேர் வரிசையில் நின்று மெமரியைக் காலி செய்திருப்பார்கள். இதே சிக்கல் உங்களுக்கு வந்து, உள்ளே நுழையவும் முடிந்தால், யார் என்ன செய்கிறார் என்று காட்டும் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி என்ற வ்யூவைப் பாருங்கள். யாரை யார் தடுக்கிறார் என்று கேட்க பிஜி பிளாக்கிங் பிட்ஸ் என்ற ஃபங்ஷனும் இருக்கிறது.

அடுத்தது பில் நம்பர். மாதாந்திரப் பராமரிப்புக்கு கரண்ட் நிறுத்திய நாள், யுபிஎஸ் பேட்டரி மாற்ற வேண்டும் என்று நானே மூன்று மாதமாகத் தள்ளிக்கொண்டு வந்தது, பொத்தென்று சர்வர் அணைந்தது. திரும்ப ஏற்றினால் சில விநாடிகளில் தானே சரிசெய்துகொண்டு எழுந்தது. சேவ் ஆன ஒரு பில்கூடப் போகவில்லை. இந்த ஒரு விஷயத்துக்காகவே இதற்கு முழு மார்க் கொடுப்பேன். ஆனால் கடைசி பில் 4317, அடுத்த பில் 4350.

மாதக் கடைசியில் ஆடிட்டரிடமிருந்து போன்: "நடுவுல 32 பில் எங்க தம்பி? கிழிச்சுட்டீங்களா?" ஜிஎஸ்டி விதி 46-இன்படி இன்வாய்ஸுக்குத் தொடர்ச்சியான வரிசை எண் வேண்டும், 16 எழுத்துக்குள், அந்த நிதியாண்டில் திரும்ப வராததாக. அவர் கேட்டதில் தப்பில்லை. டேட்டாபேஸ் செய்ததிலும் தப்பில்லை. பில் நம்பருக்கு சீரியல் என்று போட்டால் பின்னால் ஓடுவது சீக்வென்ஸ் என்ற எண் கொடுக்கும் ஏற்பாடு, அது வேகத்துக்காக 32 நம்பர்களை முன்கூட்டியே வால் ஃபைலில் (மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் பதிவேடு) எழுதிவைத்துக்கொள்ளும், பொசுக்கென்று அணைந்தால் அதில் இன்னும் கொடுக்காதது போனது போனதுதான். கரண்ட் போகாவிட்டாலும், பில் போட்டு ரோல்பேக் ஆனால் (பாதியில் ரத்தானால்) அந்த நம்பர் திரும்ப வராது. சீக்வென்ஸ் இரண்டு பேருக்கு ஒரே நம்பரைத் தராது, ஆனால் ஓட்டை விழாது என்று எந்தக் காலத்திலும் வாக்குக் கொடுக்கவில்லை, டாக்குமென்டேஷனிலேயே எழுதியிருக்கிறார்கள், நான் படிக்கவில்லை. இப்போது பில் நம்பருக்கு ஒற்றை வரி டேபிள் வைத்து, பில் சேவ் ஆகும் அதே ட்ரான்ஸாக்‌ஷனுக்குள் ஒன்று கூட்டி எடுக்கிறேன். கவுன்ட்டர்கள் அந்த ஒரு கணம் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக வேண்டும், ஏழு கவுன்ட்டருக்கு அது கண்ணுக்கே தெரியாது.

டிஸ்க் நிரம்பிய கதையும் உண்டு. குடோனில் ஒரு நகல் சர்வர் வைத்து, அது எதுவரை வாங்கியிருக்கிறது என்று நினைவு வைக்கும் ரெப்ளிகேஷன் ஸ்லாட் போட்டிருந்தேன். அங்கே இன்டர்நெட் அறுந்து மூன்று வாரம் யாரும் கண்டுகொள்ளவில்லை. குடோன்காரர் வந்து வாங்கிக்கொள்வார் என்று இங்கே 16 எம்பி 16 எம்பியாக வால் ஃபைல்கள் சேர்ந்துகொண்டே இருந்தன, ஒருநாள் இடம் தீர்ந்து சர்வரே படுத்துவிட்டது. அப்போது கை வால் ஃபைல்கள் இருக்கும் பிஜி வால் ஃபோல்டரைத் திறந்து பழையதை அழிக்கத்தான் போகும். அழித்துவிடாதீர்கள், டேட்டாவைத் திரும்ப எழுப்புவதே அந்த ஃபைல்கள்தான். வேறெங்காவது இடம் ஒழித்து, சர்வரை ஏற்றி, செத்த ஸ்லாட்டை நீக்கினால் அதுவே சுத்தம் செய்துகொள்ளும். வெர்ஷன் 13-இலிருந்து ஸ்லாட்டுக்கு இவ்வளவுதான் இடம் என்று வரம்பு வைக்கலாம், அதுவும் நாமாக வைத்தால்தான் உண்டு.

மெதுவாகிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் வேக்குவம்தான் பதில். அழித்த வரி, மாற்றிய வரியின் பழைய பிரதி எல்லாம் உள்ளேயே கிடக்கும், ஆட்டோவேக்குவம் வந்து கூட்டும். அதை அணைத்து வைக்காமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை வராது. டேபிளையே புதிதாகத் திரும்ப எழுதும் வேக்குவம் ஃபுல் மட்டும் பகல் 11 மணிக்கு ஓட்டாதீர்கள், டேபிளை யாரும் படிக்கக்கூட முடியாது.

தமிழ்ப் பெயர்கள் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. ஊர்வாரியாகக் கடன் பாக்கி லிஸ்ட் எடுத்தால் பழநி முன்னால், பவானி பின்னால் வந்தது. அண்ணாச்சி தமிழ் அகராதி வரிசையில் பார்க்கிறவர், வகரத்துக்குப் பிறகுதானே ழகரம் என்று உடனே பிடித்துவிட்டார். காரணம், டேட்டாபேஸ் சி கொலேஷனில் இருந்தது (கொலேஷன் என்றால் எழுத்துகளை அடுக்கும் விதி), அது யூனிகோட் எண்ணைப் பார்த்து அடுக்கும், யூனிகோடில் வகரத்துக்கு முன்னால் ழகரம். பல மொழிகளின் வரிசையை வைத்திருக்கும் ஐசியு லைப்ரரி தரும் தமிழ் கொலேஷனைக் குவெரியில் சேர்த்ததும் நம் வரிசை வந்துவிட்டது.

இதற்கு அக்கா மாதிரி இன்னொரு தொல்லை, என் இன்னொரு வாடிக்கையாளர் கடையில். அங்கே கொலேஷன் ஆங்கில லொக்கேலில் இருந்தது. உபுன்டு 18.04-ஐ 20.04 ஆக்கினேன், டேட்டாபேஸைத் தொடவே இல்லை. மறுநாள், இருக்கிற ஐட்டத்தைத் தேடினால் இல்லை என்கிறது, ஐட்டம் கோட் நடுவில் ஹைஃபன் உள்ளவை மட்டும். குட்டிச்சாத்தான் வேலை என்று நினைத்தேன். லினக்ஸின் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சியின் 2.28-இல் எழுத்துகளை அடுக்கும் விதியே மாறிவிட்டது, தேடுவதற்கான இண்டெக்ஸ் பழைய விதிப்படி அடுக்கியது, புது விதிப்படி தேடினால் தப்பான அலமாரியில் தேடுகிறது. ரீஇண்டெக்ஸ் போட்டதும் எல்லாம் திரும்ப வந்தது.

பேக்கப் பற்றி என் மானம் போனதையும் சொல்லிவிடுகிறேன். சர்வரை போஸ்ட்கிரெஸ் 16-க்கு மாற்றினேன், பேக்கப் எடுக்கும் மெஷினில் அதற்கான புரோகிராமான பிஜி டம்ப் 12-ஆகவே இருந்தது. பழைய பிஜி டம்ப் புது சர்வரைத் தொடாது, 'வெர்ஷன் மிஸ்மேட்ச்' என்று நிறுத்திக்கொள்ளும். இரண்டு மாதம் தினமும் தேதி போட்ட காலி ஃபைல்கள் அழகாக வரிசையாகச் சேர்ந்திருந்தன. தற்செயலாக சைஸைப் பார்த்தேன், எல்லாம் பூஜ்யம். இப்போது ஞாயிறுதோறும் ஒரு பேக்கப்பை வேறு மெஷினில் ரீஸ்டோர் செய்து, கடைசி பில் நம்பரைக் கண்ணால் பார்க்கிறேன்.

மார்க் கேட்டால் ஐந்துக்கு நாலரை. அந்த அரை, முக்கியமான பாதுகாப்பு செட்டிங்குகளைப் பூஜ்யத்திலும் வரம்பில்லாமலும் விட்டு வைத்திருப்பதற்காக. ஒரே கம்ப்யூட்டர், ஒரே கவுன்ட்டர் கடைக்கு இது வேண்டவே வேண்டாம், ஒரே ஃபைலில் இருக்கும் சின்ன டேட்டாபேஸான எஸ்க்யூலைட் போதும். இரண்டு கவுன்ட்டர் ஆனதும் இதற்கு வாருங்கள், வரும்போது யுபிஎஸ் பேட்டரியையும் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். அண்ணாச்சி இப்போது பேட்டரி பில்லை சர்வர் மேலேயே டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறார், தேதி எனக்குத் தெரிகிற மாதிரி.