‘டீமுக்கு ஆள் எடுக்கிறோம்’ என்று வீட்டுக்கு வருகிறார்கள்: பணம் கட்டும் முன் படியுங்கள்

ஈரோடு, பவானி, கோபி வட்டாரத்தில் ஒரு நேரடி விற்பனை நிறுவனத்தின் (கடை இல்லாமல் ஆட்கள் மூலம் பொருள் விற்பது) ஆட்கள் இப்போது மும்முரமாக ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். என் புகார் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. பெயர் தெரிந்தால் மட்டும் தப்பித்துவிட முடியாது. பலகையில் எந்தப் பெயர் இருந்தாலும் ஆள் பிடிக்கும் முறை ஒன்றுதான். அதை உள்ளே இருந்து பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

என்னைச் சேர்த்தது சித்தி மகள். “அக்கா, ஒரு நல்ல விஷயம் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் புரியாது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், மாமாவையும் வீட்டில் இருக்கச் சொல்லுங்கள்” என்றாள். வரும்போது கூடவே ஒருவரை அழைத்து வந்தாள், “எங்கள் லீடர் சார்” என்று. அந்த மனிதர் காபி குடித்து முடிக்கும்வரை எந்தப் பொருளைப் பற்றியும் பேசவில்லை. பையன் எந்தப் பள்ளி, கட்டணம் எவ்வளவு, வீடு சொந்தமா வாடகையா, மாமியாருக்குச் சர்க்கரை உண்டா என்றே கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றுக்கும் பதில் வாங்கிய பிறகுதான் பையிலிருந்து வெள்ளைத் தாளை எடுத்து ஒரு வட்டம் போட்டார். அந்த வட்டம் நான். கீழே இடப்பக்கம் ஒரு வட்டம், வலப்பக்கம் ஒரு வட்டம்.

கட்டியது 12,500 ரூபாய். ‘சேர்க்கைக் கட்டணம் கிடையாது, பொருள்தான் வாங்குகிறீர்கள்’ என்பதை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னார் என்பது பின்னால் விளங்கியது. நேரடி விற்பனை பற்றி மத்திய அரசு 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே, சேருகிறவரிடம் நுழைவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று இருக்கிறது. ஆகவே கட்டணத்தைப் பொட்டலமாகக் கட்டித் தருகிறார்கள். என் பொட்டலத்தில் இருந்தவை நோனிச் சாறு இரண்டு பாட்டில், புரதப் பொடி ஒரு டப்பா, மூட்டு வலித் தைலம், பற்பசை. அதே அளவுக்கு மருந்துக் கடையிலும் மளிகைக் கடையிலும் விலை விசாரித்தேன். நான்காயிரத்தைத் தாண்டவில்லை.

வருமானத் திட்டம் இப்படி. எனக்குக் கீழே இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர் சேர்ந்தால் அது ஒரு ‘ஜோடி’. ஜோடிக்கு ஆயிரம் ரூபாய். “ஒரு பக்கத்தை நாங்களே நிரப்பித் தருகிறோம், நீங்கள் மறுபக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்” என்பது லீடர் கொடுத்த பெரிய வாக்குறுதி. கேட்கும்போது பாதி வேலை முடிந்துவிட்டது போலத்தான் இருக்கும். ஆனால் பணம் கணக்கிடப்படுவது குறைவாக இருக்கும் பக்கத்தை வைத்து. அவர்கள் நிரப்பும் பக்கத்தில் ஐநூறு பேர் இருந்தாலும் உங்கள் பக்கம் காலியாக இருந்தால் உங்களுக்கு வருவது பூஜ்யம். அந்த ஐநூறு பேரும் மேலே இருப்பவருக்கு மட்டும் உதவுவார்கள்.

நிர்வாகச் செலவு என்று பத்து சதவீதம் பிடித்துக்கொள்வதால் ஜோடிக்குக் கையில் வருவது 900. நான் போட்ட 12,500 திரும்பி வர 14 ஜோடி வேண்டும், அதாவது 28 பேர். அந்த 28 பேரும் சேர்ந்து கட்டும் தொகை மூன்றரை லட்சம். என் பன்னிரண்டாயிரம் திரும்ப, என் பெரியம்மா, பக்கத்து வீட்டுக்காரர், உடன் வேலை செய்பவர்கள் எல்லாரும் மூன்றரை லட்சத்தைக் கொண்டு போய்க் கொட்ட வேண்டும். இது போதாதென்று மாதாமாதம் 1,500 ரூபாய்க்குப் பொருள் வாங்கினால்தான் ‘ஆக்டிவ்’. ஒரு மாதம் விட்டுவிட்டால் சேர்ந்திருக்கும் ஜோடிகள் கணக்கிலிருந்து கழிந்துவிடும்.

‘உழைத்தால் எல்லாரும் மேலே வரலாம்’ என்கிறார்கள் அல்லவா, அதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒருவர் இருவரை, இருவர் நால்வரை என்று சேர்த்துக்கொண்டே போனால் எனக்குக் கீழே இருபதாவது வரிசைக்கு மட்டும் 10,48,576 பேர் வேண்டும். மேல் வரிசைகளையும் கூட்டினால் ஏறத்தாழ 21 லட்சம். 2011 கணக்கெடுப்பின்படி ஈரோடு மாவட்ட மக்கள் தொகையே சுமார் 22.5 லட்சம்தான், தொட்டில் குழந்தை உட்பட. எந்த வரிசையோடு நிறுத்தி எண்ணினாலும் மொத்தத்தில் பாதிக்கு மேற்பட்டோர் கடைசி வரிசையில்தான் இருப்பார்கள். அவர்களுக்குக் கீழே ஆள் இல்லை, ஆகவே ஜோடியும் இல்லை. எவ்வளவு உழைத்தாலும் இந்த விகிதம் மாறாது. மேடையில் மட்டும் அவர்களுக்கு ‘முயற்சி இல்லாதவர்கள்’ என்று பெயர்.

மேடை என்றதும் அந்தக் கூட்டத்தைச் சொல்ல வேண்டும். பெருந்துறை சாலையில் ஒரு கல்யாண மண்டபம். மே மாத வெயிலில் கோட்டும் டையும் கட்டியவர்கள் முன்வரிசையில் வேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆள் உயரத் தெர்மாகோல் காசோலையை ஒவ்வொருவராக ஏந்திப் படம் எடுத்தார்கள். இடைவேளையில் மண்டப வாசலில் நின்ற ஒரு வெள்ளைக் காரின் முன்னால் புதிதாகச் சேர்ந்தவர்களை நிறுத்தி, ‘என் கனவு நனவானது’ என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடச் சொன்னார்கள். காரின் முன்கண்ணாடியில் மருத்துவர் என்பதற்கான சிவப்புச் சிலுவை ஒட்டியிருந்தது. யாரோ ஒரு மருத்துவரின் கார். படத்தில் அந்த ஸ்டிக்கர் தெரியாதபடி நிற்க வைப்பதற்கு ஒருவர் தனியாக இருந்தார்.

உண்மையான பயிற்சி அதற்கு மறு வாரம் தொடங்கியது. நூறு பெயர் எழுத ஒரு நோட்டுக் கொடுத்தார்கள். முதல் கட்டத்தில் பெயர், இரண்டாவதில் உறவு, மூன்றாவதில் தொழில். நான்காவது கட்டத்தின் தலைப்பு ‘பணத் தேவை’. யாருக்கு மகள் கல்யாணம் தள்ளிப்போகிறது, யாருக்கு வீட்டுக் கடன், யாருடைய கணவர் குடிக்கிறார் என்று அதில் எழுத வேண்டும். என் பக்கத்தில் அமர்ந்திருந்த அம்மாள் தன் நாத்தனார் பெயருக்கு நேரே ‘டயாலிசிஸ்’ என்று எழுதினார். லீடர் அதைப் பார்த்துவிட்டு, “இவரிடம் முதலில் போங்கள்” என்று பேனாவால் சுழித்துக் காட்டினார்.

கூடவே மறுப்புகளுக்குப் பதில் சொல்ல ஒரு தாள். பணம் இல்லை என்றால், ‘அதற்காகத்தான் வரச் சொல்கிறேன்’. கணவரிடம் கேட்க வேண்டும் என்றால், ‘முதல் காசோலையைக் காட்டிவிட்டுச் சொல்லுங்கள், மகிழ்ந்துபோவார்’. யோசிக்கிறேன் என்றால், ‘பீரோவில் தூங்கும் நகைக்கு யோசனை எதற்கு’. சங்கிலித் தொடர்தானே என்று கேட்டால், ‘காப்பீட்டு ஏஜென்ட்டும் கமிஷன்தானே வாங்குகிறார்’. பற்பசையை எப்படி விற்பது என்று அந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை. விற்பனை நிறுவனம் நடத்தும் பயிற்சி!

எங்கள் தெருவுக்கு ஈரோடு ஜவுளிச் சந்தையான கனி மார்க்கெட்டிலிருந்து சேலை எடுத்து வந்து தவணைக்குக் கொடுக்கும் அக்கா ஒருவர் உண்டு. அவரும் வீடு வீடாகத்தான் விற்கிறார். சேலை பிடித்தால் வாங்குவோம், பிடிக்காவிட்டால் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். ‘நீயும் சேலை விற்க வா, பன்னிரண்டாயிரம் கட்டு’ என்று அவர் யாரையும் கேட்டதில்லை. அவருடைய வருமானம் சேலை கட்டுகிறவர்களிடமிருந்து வருகிறது. ஒழுங்கான நேரடி விற்பனையை இதை வைத்துத்தான் அடையாளம் காண்கிறேன். உங்களை அழைக்கிறவரிடம், சேராமல் பொருளை மட்டும் மாதாமாதம் வாங்கும் வெளியாட்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். என் சித்தி மகளிடம் கேட்டேன். ஒருவரும் இல்லை.

நான் யாரையும் சேர்க்காமல் பணத்தைத் திரும்பக் கேட்டபோது ஆரம்பமானது அலைக்கழிப்பு. முப்பது நாளுக்குள் திருப்பித் தந்தால் பணம் உண்டு என்பது அவர்கள் விதி. ஆனால் நாள்கணக்கு தொடங்குவது பொருள் கைக்கு வந்த தேதியிலிருந்து அல்ல, ‘ஐடி’, அதாவது உறுப்பினர் கணக்கு, திறந்த தேதியிலிருந்து. பொட்டலம் வந்து சேர்ந்ததே மூன்று வாரம் கழித்து. சீல் உடைத்த டப்பா எடுக்க மாட்டோம் என்றார்கள். ஆனால் ‘நீங்களே பயன்படுத்திப் பார்த்தால்தான் மற்றவரிடம் பேச முடியும்’ என்று மண்டபத்தில் உடைக்கச் சொன்னவர்களும் அவர்களே. ஒப்பந்தத்தைக் கேட்டேன். நான் அதற்கு ஒப்புக்கொண்டு இணையத்தில் டிக் செய்திருப்பதாகச் சொன்னார்கள். அன்று என் போனை வாங்கி, ஓடிபி எண்ணைப் படித்து, பட்டனை அழுத்தியவர் லீடர். அவரைக் கேட்டால் கம்பெனியைக் கேளுங்கள் என்கிறார். கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசும் பெண், “உங்கள் அப்லைனிடம் (வரிசையில் உங்களுக்கு மேலே இருப்பவர்) பேசுங்கள் மேடம்” என்கிறார்.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்பதை, சேர்ந்துவிட்டவர்களும் சேர்த்துவிட்டவர்களும் தெரிந்துகொள்வது நல்லது. பரிசுச் சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்களை (ஆள் சேர்ப்பதை வைத்துப் பணம் தரும் திட்டங்கள்) தடை செய்யும் 1978ஆம் ஆண்டுச் சட்டம், அத்தகைய திட்டத்தை நடத்துவதை மட்டும் தடுக்கவில்லை. அதில் உறுப்பினராவதையும், அதன் பேரில் பணம் வாங்குவதையும் அனுப்புவதையும் சேர்த்தே தடுக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. நாளை வழக்கு வந்தால், உங்கள் நாத்தனாரிடம் பணம் வாங்கி அனுப்பியது நீங்கள். லீடர் அந்த ரசீதில் எங்கேயும் இருக்க மாட்டார்.

2021 டிசம்பர் 28 அன்று அறிவிக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்பு நேரடி விற்பனை விதிகள் இன்னும் தெளிவானவை. பிரமிடு திட்டத்தை, அதாவது ஆள் சேர்ப்பதற்குப் பணம் கிடைக்கும் அடுக்கு முறையை, நடத்தவோ அதில் ஆள் சேர்க்கவோ நிறுவனத்துக்கும் அனுமதி இல்லை, விற்பனையாளருக்கும் அனுமதி இல்லை. முன்கூட்டியே எழுத்து ஒப்பந்தம் இருக்க வேண்டும். வீட்டுக்கு வருகிறவர் அடையாள அட்டையோடு, முன் அனுமதி பெற்று வர வேண்டும். குறைதீர் அலுவலர் ஒருவர் இருந்தாக வேண்டும். அவர் புகார் கிடைத்ததை 48 வேலை மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு வந்த லீடரின் கழுத்தில் அட்டை ஏதும் இல்லை, தங்கச் சங்கிலிதான் இருந்தது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்த பிறகுதான் நிறுவனத்திடமிருந்து முதல் மின்னஞ்சல் வந்தது. சீல் உடைக்காத பொருள்களுக்கு மட்டும், கையாளும் செலவைக் கழித்து 5,200 ரூபாய் தருவதாகச் சொல்கிறார்கள். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். போடவில்லை.

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகப் போகிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, ஆனால் இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அங்கே அவர்கள் எடுக்கக்கூடிய ஆயுதம் ஒன்று இருக்கிறது: ‘இவர் நுகர்வோர் இல்லை, எங்கள் விநியோகஸ்தர், வியாபாரத்துக்காக வாங்கியவர்’. சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் வாங்கியதை வணிக நோக்கம் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் எடுத்துக்கொள்வதில்லை. எனவே பொட்டலத்தை எதற்காக, யார் என்ன சொல்லி வாங்க வைத்தார்கள் என்பதற்கான சான்றுகளை அழிக்காதீர்கள். குரல் பதிவு, வாட்ஸ்அப் செய்தி, வட்டம் போட்ட தாள், ஜிபே ரசீது எல்லாம் வேண்டும். அவர்களுடைய குழுவிலிருந்து கோபத்தில் வெளியேறிவிடாதீர்கள். முதலில் படம் எடுத்துவிட்டு வெளியேறுங்கள்.

எங்கள் வட்டாரத்துக்கு இது புதிதும் அல்ல. முதலீடு செய்தால் மாதாமாதம் பணம் தருவதாகச் சொன்ன ஈமு கோழித் திட்டங்கள் 2012இல் கவிழ்ந்தபோது பெருந்துறையில் திரண்ட கூட்டத்தைப் பார்த்தவர்கள்தான் இன்று மண்டபத்தில் கைதட்டுகிறார்கள். அதை நினைத்தால் எனக்குக் கோபத்தைவிடச் சலிப்புதான் வருகிறது.

சித்தி மகள் என்னோடு பேசுவதில்லை. அவளும் ஏமாந்தவள்தான், நகை அடகுக் கடையில் இருக்கிறது. ஆனால் அவள் இன்னும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறாள், அதனால் அவளுக்காக இந்தப் பதிவை மென்மையாக்க முடியவில்லை.

இதே 12,500 ரூபாய் பொட்டலத்தை வாங்கியவர்கள், ரசீதும் பணம் அனுப்பிய விவரமும் கையில் இருந்தால் எனக்குத் தகவல் அனுப்புங்கள். தனித்தனியாகப் போனால் ஐயாயிரத்துக்குக் கையெழுத்துக் கேட்பார்கள். ஒரே சமயத்தில் பல மனுக்கள் போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். என் மனுவின் நகல் தயாராக இருக்கிறது, பெயரையும் தொகையையும் மாற்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம்.