பூட்டனைத் தேடித் தரும் சேவை: அலைச்சலுக்குக் காசு கொடுக்கலாம், வம்ச மரத்துக்கு வேண்டாம்

வெள்ளவத்தையில் ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, வெளிநாட்டில் இருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்குப் பூர்வீகம் தேடிக் கொடுக்கிற ஒருவரிடம் எங்கள் வீட்டு வேலையைக் கொடுத்துப் பார்த்தோம். காசு ரொறன்ரோவில் இருக்கிற மாமியுடையது, அந்தத் தேடித் தருகிற மனுசனோடு மல்லுக்கட்டுகிற வேலை என்னுடையது. அவருடைய பெயரைப் போடப்போவதில்லை. நான் சொல்லப்போவது இந்தத் தொழிலில் இருக்கிற பலருக்கும் பொருந்தும்.

விலை நாற்பதாயிரம் ரூபாய், பாதி முற்பணம். அதற்குக் கிடைப்பது: பதிவுகளின் அத்தாட்சிப் பிரதிகள், காணி உறுதிகளின் பிரதி, மயானத்தில் எடுத்த படங்கள், கடைசியில் பொன்நிறக் கரை போட்ட வம்ச மரம், எல்லாவற்றையும் சுருள் கம்பி போட்டுக் கட்டிய ஒரு புத்தகம். சொன்ன தவணைக்கு வரவில்லை. அதைப் பெரிய குறையாகச் சொல்லமாட்டேன், கந்தோர் வேலை யார் செய்தாலும் இழுக்கத்தான் செய்யும்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். இந்த மனுசனுக்கு அலையத் தெரியும். இறப்புப் பதிவு எடுக்க எந்தப் பதிவுப் பிரிவு, எந்த ஆண்டு என்று தெரிந்திருக்க வேண்டும், தெரியாவிட்டால் தேடல் கட்டணம் கட்டி இரண்டிரண்டு வருடமாகப் புரட்டச் சொல்ல வேண்டும். பூட்டன் கொழும்பில் இறந்தது யுத்தத்துக்கு முன், அதாவது இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன் என்பதற்கு மேல் எங்களிடம் ஒன்றும் இல்லை. அப்பப்பாவின் அலுமாரியில் இருந்த கடதாசிகள் எல்லாம் 1983இல் வீட்டோடு போய்விட்டன. அந்த நிலையில் பதிவைக் கண்டுபிடித்துக் கையில் தந்தது பெரிய காரியம். லீவு போட்டு வரிசையில் நின்று இதை நான் செய்திருக்கமாட்டேன்.

காணிப் பதிவகத்திலும் திறமாகச் செய்திருந்தார். அங்கே பதிவேடு ஆளின் பெயரில் ஓடாது, காணியின் பெயரில் ஓடும். ஒரு காணிக்கு ஒரு பக்கம், அது நிரம்பினால் அடுத்த பதிவேட்டில் இன்ன பக்கம் என்று குறிப்பு. அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் பின்னால் போகலாம். கொட்டாஞ்சேனையில் பூட்டன் வாங்கி விற்ற ஒரு சின்ன வளவு இப்படித்தான் அகப்பட்டது. உறுதியில் எழுதுவினைஞர் என்று தொழிலும், வட்டுக்கோட்டை என்று ஊரும் போட்டிருந்தது. யாழ்ப்பாணத்து உறுதி என்றால் இன்னும் ருசி. ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் வைத்த தேசவழமையில், அதாவது யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டத்தில், முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடிய தேட்டம் (கலியாணத்துக்குப் பிறகு சேர்த்தது) என்று சொத்து பிரிந்து கிடப்பதால், சீதன உறுதி ஒன்று கிடைத்தாலே பெண்பிள்ளையின் தாய் தகப்பன் யார், காணி எந்தப் பக்கத்தால் வந்தது என்று எல்லாம் அதற்குள் இருக்கும். ஆனால் இவர் யாழ்ப்பாணம் போகமாட்டார், அது வேறு கட்டணம், வேறு ஆள்.

சரி, இனிக் கரைச்சலுக்கு வருவோம்.

புத்தகத்தின் ஒன்பதாம் பக்கத்தில் பொரளை கனத்தை மயானத்தில் எடுத்த ஒரு கல்லறையின் பெரிய கலர் படம், கீழே ‘உங்கள் பூட்டனாரின் நினைவுக்கல்’. பெயர் சரி. முதலெழுத்தும் சரி. ஆண்டு கிட்டத்தட்ட. ஆனால் கல்லுக்கு மேலே ஒரு சிலுவை! நாங்கள் விபூதி பூசுகிற வீடு. சரி, ஒருவேளை மதம் மாறியிருக்கலாம், உத்தியோகத்துக்காக மாறியவர்கள் இல்லாமலா, என்று நினைத்தால் அதே புத்தகத்தின் நாலாம் பக்கத்தில் அவரே எடுத்துத் தந்த இறப்புப் பதிவு. நம் நாட்டு இறப்புப் பதிவில் இறப்புக்குக் காரணம் எழுதுகிற கூட்டிலேயே புதைத்த இடம் அல்லது எரித்த இடமும் எழுதுவார்கள். அதில் ஆங்கிலத்தில், சாய்ந்த கையெழுத்தில், தகனம் என்று தெளிவாக இருக்கிறது. நாலாம் பக்கத்தில் எரித்தவரை ஒன்பதாம் பக்கத்தில் புதைத்திருக்கிறார்.

இது கவலையீனம் மட்டும் இல்லை. கல்லறை கேட்டு வருகிற வெளிநாட்டுக்காரருக்குக் கல்லறை ஒன்றைக் காட்டியே ஆக வேண்டும் என்ற அவசரம். வெள்ளைக்காரருக்கும் பறங்கியருக்கும் இந்த முறை சரிவரும். வுல்பெண்டால் தேவாலயத்தில், 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் திறந்த கோயில் அது, தரை முழுக்க ஒல்லாந்தர் கல் பதித்திருக்கிறது. காலிமுகத்தில் 1803இல் தொடங்கிய ஆங்கிலேயர் இடுகாட்டுக் கற்கள் பிறகு கனத்தைக்கு வந்து சேர்ந்தன. 1913இல் பென்றி லூவிஸ் தொகுத்த கல்லறை வாசகப் பட்டியலும் இருக்கிறது, பெரும்பாலும் அவர்களுக்குத்தான் அது. தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம் என்றால் தேவாலயப் பதிவேடும் கல்லறையும் உங்களுக்கும் கைகொடுக்கும். சைவக் குடும்பத்துக்கு? சாம்பலைக் கடலில் கரைத்தாயிற்று, கல் எங்கே இருந்து வரும்? அதோடு எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர் முதலெழுத்தாகி அடுத்த தலைமுறையில் மாறிவிடுகிறது. கந்தையா, சின்னத்தம்பி, நாகலிங்கம் என்று தேடினால் அந்தக் காலக் கொழும்பில் ஒரு தெருவுக்கு ஒருவர் வருவார். பெயரும் முதலெழுத்தும் ஒத்துப்போவது எங்கள் ஆட்கள் விஷயத்தில் அத்தாட்சியே இல்லை.

அந்தக் கல்லை நானும் போய்ப் பார்த்தேன். பளிங்கில் துளை போட்டு ஈய எழுத்துப் பதித்த பழைய வேலை, பாதி எழுத்து விழுந்துவிட்டது. ஆனால் எழுத்தைப் பிடித்திருந்த சின்னத் துளைகள் அப்படியே இருக்கின்றன, காலை வெயில் சாய்வாக விழுகிற நேரம் தண்ணீர் தெளித்து ஒரு பக்கமாக நின்று பார்த்தால் துளைகளின் வரிசையை வைத்தே எழுத்தை வாசித்துவிடலாம். வாசித்தால், மனைவியின் பெயர் வேறு. இந்த வேலைக்குப் பத்து நிமிடம் போதும், அவர் செய்யவில்லை. (சோக்குக்கட்டி, மா எல்லாம் பூசி எழுத்தைத் தூக்கிக் காட்டுகிற ஆட்களைக் கண்டால் தயவுசெய்து நிறுத்துங்கள், கல்லைத் தின்றுவிடும்.)

அப்படியானால் எங்கள் ஆட்களுக்கு மயானம் எங்கே என்றால், பத்திரிகையில். மரண அறிவித்தலை விடத் திறமான வம்ச மரம் உலகத்தில் கிடையாது என்பது என் கட்சி. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார், காலஞ்சென்ற இன்னார் தம்பதியரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு கணவரும், இன்னாரின் மருமகனும், இன்னாரின் மைத்துனரும் ஆவார் என்று மூன்று தலைமுறையை ஒரு சின்னப் பெட்டிக்குள் அடைத்து, தகனம் எங்கே என்றும் போட்டுவிடுகிறார்கள். வீரகேசரி 1930இல் தொடங்கியது, தினகரன் 1932இல். கொழும்பு 7இல், பழைய ரீட் அவனியூவில், தேசிய சுவடிக்கூடத்தில் பழைய பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாகப் பார்க்கலாம். பென்சில் கொண்டுபோங்கள், பேனா வேண்டாம். அங்கே ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகளும், அதாவது காணிப் பதிவேடுகளும், இருக்கின்றன, ஆனால் அந்தக் கையெழுத்தும் அந்தப் பாஷையும் வேறு ஒரு படிப்பு, நான் பக்கத்தில் போகவில்லை.

அடுத்தது அந்தியேட்டிக்கு, அதாவது முப்பத்தோராம் நாள் கிரியைக்கு, அச்சடித்துக் கொடுக்கிற கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம். தேவாரத்துக்குப் பிறகு வருகிற வம்சாவளிப் பக்கத்தை ஒருவரும் வாசிப்பதில்லை, எங்களுக்கு வேண்டியது அதுதான். இறந்த ஆண்டு, மாதம், திதி எல்லாம் திதி வெண்பா என்ற பாட்டில் இருக்கும். ஆண்டு மட்டும் அறுபது வருட வட்டத்தில் வரும், பிரபவ என்றால் 1867ஆகவும் இருக்கலாம், 1927ஆகவும் இருக்கலாம், 1987ஆகவும் இருக்கலாம், ஆளின் வயதை வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். நூலகம் இணையத்தளத்தில் இப்படிப்பட்ட நினைவு வெளியீடுகளை நிறைய ஏற்றி வைத்திருக்கிறார்கள், சதம் செலவில்லை.

எங்கள் முடிச்சு அவிழ்ந்ததும் அங்கேதான். பூட்டனின் இறப்பைப் பதிந்தவர் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாத ஒரு பெயர் இருந்தது. புத்தகம் கட்டியவர் அதைத் தாண்டிப் போய்விட்டார். நான் அந்தப் பெயரை நூலகத்தில் போட்டுத் தேடினேன், அறுபதுகளில் இறந்த அவருடைய கல்வெட்டு வந்து விழுந்தது. பூட்டியின் தம்பி. அதற்குள் பூட்டியின் தாய் தகப்பன், சகோதரங்கள், ஊர்க் குறிச்சி எல்லாம். மாமிக்கு வட்சப்பில் அனுப்பினேன், அன்று இரவு அவர் தூங்கவில்லை என்று மச்சான் சொன்னான்.

இன்னொன்று, காசு கொடுக்க முன் வீட்டில் இருக்கிற பழைய பிறப்புச் சான்றிதழ்களை ஒருதரம் எடுத்துப் பாருங்கள். பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம் என்று ஒரு கூடு இருக்கும், தகப்பன் வெளியே பிறந்தவர் என்றால் பூட்டனுக்கும் ஒரு கூடு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் வால் அது. தகப்பன் இங்கே பிறந்தார் என்றோ, பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்கள் என்றோ காட்டச் சொன்ன சட்டம், காட்டக் கடதாசி இல்லாமல் மலையகத்தில் இலட்சக்கணக்கான பேர் நாடில்லாமல் போனார்கள். அந்தக் கூட்டில் கோடு மட்டும் இழுத்திருந்தால் அதற்குள்ளும் ஒரு கதை இருக்கிறது.

திருத்திய பிரதி கேட்டேன். மரத்தில் இருந்து அந்தச் சிலுவைக்காரரை எடுத்துவிட்டு பீ.டி.எப். அனுப்பினார், காசு திரும்ப வராது என்றார். நீங்கள் போவதென்றால் இப்படிப் பேசுங்கள்: இறப்புப் பதிவும் காணி உறுதியும் மட்டும், ஒவ்வொரு பிரதிக்கும் இவ்வளவு என்று விலை. முற்பணம் மூன்றில் ஒன்றுக்கு மேல் வேண்டாம். கட்டிய கட்டணங்களின் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். மரம் வேண்டாம் என்றால் பதினையாயிரத்துக்குள் முடித்துத் தருவார் போலத்தான் தெரிகிறது, என் சிநேகிதி ஒருத்திக்கு அந்த விலைக்குச் சம்மதித்திருக்கிறார்.