நாகர்கோவில் பக்கம் ஓர் ஓய்வுகாலக் குடியிருப்பு: தங்கிப் பார்த்த பிறகு

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓய்வுகாலக் குடியிருப்பு தேடினால் முதலில் காட்டுவது கடலைத்தான். பால்கனியில் நின்றால் கடல், ஜன்னலைத் திறந்தால் கடல். உப்புக்காற்று இரும்பை என்ன பாடு படுத்தும் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எழுபது வயதில் நம் முழு எடையையும் தாங்க வேண்டிய குளியலறைக் கைப்பிடி, துருவேறிய திருகாணியில் நிற்கக் கூடாது. போதாததற்கு, நவம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி வரை ஐயப்ப சீசன். அந்த நெரிசலில் கன்னியாகுமரியிலிருந்து 108 வண்டி கிளம்பி ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு எப்போது போய்ச் சேரும்? அதனால் நானும் வீட்டுக்காரரும் கடலோரத்தை முதலிலேயே விட்டுவிட்டோம்.

நாங்கள் இப்போது இருப்பது நாகர்கோவிலை ஒட்டி, தென்னந்தோப்புக்கும் வயலுக்கும் நடுவில் உள்ள ஒரு குடியிருப்பு. நிர்வாகத்தோடு ஒரு விஷயத்தில் பேச்சு இன்னும் முடியாததால் பெயரைச் சொல்லவில்லை. எங்கள் வடசேரி வீட்டில் படுக்கையறை மாடியில். மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவருக்கு அந்தப் படி ஏற முடியவில்லை. மகன் மெல்போர்னில், மகள் பெங்களூரில். நான் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், அவர் மின்வாரியத்தில் இருந்தவர். ஆகவே இடம் பார்க்கப் போனால் நான் குளியலறைக்குள் போவேன், அவர் ஜெனரேட்டர் அறைக்குப் போவார்.

குளியலறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வயதானவர்கள் விழுவது பெரும்பாலும் அங்கேதான். இங்கே தரை வழுக்காத டைல்ஸ், கைப்பிடி சுவரில் உறுதியாக இருக்கிறது, நானே தொங்கிப் பார்த்தேன். கதவு வெளிப்பக்கம் திறக்கிறது. இது பெரிய விஷயம். உள்பக்கம் திறக்கும் கதவாக இருந்தால், விழுந்தவர் கதவை அடைத்துக் கிடப்பார், உதவிக்கு வருகிறவர் உள்ளே நுழைய முடியாது. ஆனால் அவசர மணியின் சுவிட்சை ஷவர் பக்கத்தில் நெஞ்சுயரத்தில் வைத்திருந்தார்கள். இடுப்பெலும்பு முறிந்து தரையில் கிடக்கிற மனுஷிக்கு அது எப்படி எட்டும்? தரையில் உட்கார்ந்து கையை நீட்டி மேலாளருக்குக் காட்டினேன். அவர் வாதாடவில்லை. அந்த வாரமே தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரை தொங்கும் இழுப்புக் கயிறு வந்துவிட்டது, எங்களுக்கு மட்டுமல்ல, அந்த வரிசையில் எல்லா வீட்டுக்கும்.

அப்புறம் அந்தக் கயிற்றை ராத்திரியில் சோதித்தேன். மேலாளரிடம் அனுமதி வாங்கியிருந்தேன், எந்த ராத்திரி என்று மட்டும் சொல்லவில்லை. எல்லாரும் அசந்து தூங்கும் நேரமாகப் பார்த்துத் தரையில் படுத்துக்கொண்டு இழுத்தேன். ஓடி வந்தது தோவாளைப் பக்கத்துப் பெண்பிள்ளை, இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துத் தூக்கப் பார்ப்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, “அசையாம கெடங்க சிஸ்டரம்மா. எங்க வலிக்குது, அத மொதல்ல சொல்லுங்க” என்றாள். காலை அசைக்க முடிகிறதா, தலை இடித்ததா என்று கேட்டுக்கொண்டே கால் இரண்டும் ஒரே நீளத்தில் கிடக்கிறதா என்று பார்த்தாள். விழுந்தவரை உடனே இழுத்துத் தூக்கினால் முறிந்த எலும்பு விலகிவிடும். வார்டில் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்த பாடம் அது. “ஒண்ணும் இல்ல மக்களே, சோதிச்சுத்தான் பாத்தேன்” என்று எழுந்தபோது அவள் முகத்தில் கோபம் இல்லை, பயம் தெளிந்த நிம்மதிதான் இருந்தது. அந்தப் பிள்ளைக்கு யாரோ ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இந்த இடத்துக்கு நான் தரும் மதிப்பில் பாதி அதற்குத்தான். பகலில் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தால் இதெல்லாம் தெரியாது. எந்த இடமானாலும் சில ராத்திரிகள் தங்குங்கள்.

நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. இந்தக் கட்டடத்தின் வரைபடம் மழை குறைந்த ஊருக்குப் போட்டது போலிருக்கிறது. நீளமான திறந்த வராந்தா, ஓரத்தில் தடுப்பு இல்லை. ஜூனில் மேற்கிலிருந்து சாரல் அடித்தால் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழி முழுக்க ஈரம். துடைக்க ஆள் இருக்கிறார்கள், துடைத்த இடம் உடனே நனைகிறது. மூங்கில் தட்டியாவது கட்டுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். லிப்டும் சின்னது. சக்கர நாற்காலி போகும், ஸ்ட்ரெச்சர் போகாது. அதனால் நாங்கள் தரைத்தள வீடுதான் வேண்டும் என்று காத்திருந்து வாங்கிக்கொண்டோம்.

மின்சாரம் அவர் துறை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது அவர் வேலையில் இருந்தார். சாய்ந்த கம்பங்களும் முறிந்து விழுந்த ரப்பர் மரங்களும் அவருக்கு இன்னும் கண்ணில் நிற்கின்றன. பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அதனால் ஜெனரேட்டர் இருக்கிறதா என்று அவர் கேட்க மாட்டார். எத்தனை நாளைக்கு டீசல் கையிருப்பு, லிப்டும் தண்ணீர் மோட்டாரும் அதில் ஓடுமா, ஆக்ஸிஜன் கருவி வைத்திருப்பவர் வீட்டுக்கு லைன் உண்டா என்று கேட்பார். இங்கே கிடைத்த பதிலில் அவருக்குத் திருப்தி.

சாப்பாடு. இந்த மாதிரிக் குடியிருப்புகள் பலவற்றில் சைவச் சமையல் மட்டும்தான். நம் ஊர் ஆளைக் கூப்பிட்டு இனி சாகும்வரை மீன் கிடையாது என்றால் எப்படி? இங்கே சைவத்துக்கும் மீனுக்கும் தனித்தனி அடுப்பு, தனிப் பாத்திரம். தேங்காய் அரைத்துவிட்ட சாளைக் குழம்பு வீட்டுக் கைமணத்தோடு இருக்கிறது. கேட்டால் சம்பா அரிசிச் சோறு உண்டு. ராத்திரிக்குக் கஞ்சியும் பயறு துவரனும், பல் இல்லாதவர்களுக்குக் குழைய வேகவைத்துத் தனியாக. அவியலில் மட்டும் புளிப்பு கூடுதல், சொல்லியும் குறையவில்லை. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மட்டிப்பழம் காலையில் தட்டில் வருகிறது. இவருக்குச் சர்க்கரை இருப்பதால் பாதிப் பழத்தோடு நிறுத்திவிடுவேன்.

யோகா கூடம், நூலகம், ஜிம் எல்லாம் இருக்கின்றன. ஞாயிறு காலை சர்ச்சுக்கும் வெள்ளிக்கிழமை சுசீந்திரத்துக்கும் வேன் போகிறது.

இனி ஒப்பந்தம். வீட்டை விலைக்கு வாங்கலாம், டெபாசிட் கட்டி ஆயுள் குத்தகைக்கு இருக்கலாம், மாத வாடகைக்கும் இருக்கலாம். வாங்குவதானால் திட்டம் தமிழ்நாடு ரெராவில் (வீட்டுமனைத் திட்டங்களைக் கண்காணிக்கும் ஆணையம்) பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள், பிரிபடாத நிலப் பங்கு, அதாவது எல்லா வீட்டுக்கும் பொதுவான நிலத்தில் உங்கள் வீட்டுக்குரிய பங்கு, உங்கள் பெயரில் பத்திரமாகிறதா என்று கேளுங்கள். மாதக் கட்டணத்துக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேருமா, வருஷத்துக்கு எவ்வளவு கூட்டுவார்கள் என்பது எழுத்தில் வேண்டும். தம்பதியில் ஒருவர் போய்விட்டால் மற்றவர் அதே வீட்டில் அதே கட்டணத்தில் இருக்க முடியுமா என்று கேட்கச் சங்கடப்படாதீர்கள். ஓய்வுகால இல்லங்களுக்கென்று மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-இல் மாதிரி வழிகாட்டுதல்கள் வெளியிட்டது, இவர்களிடம் போகும் முன் அதைப் படித்துவிட்டுப் போனால் கேள்வி கேட்கத் தைரியம் வரும்.

எங்களுக்குத் தந்த ஆயுள் குத்தகைப் பத்திரத்தில் இரண்டு வரிகள் உறுத்தின. ஒன்று, நாங்கள் காலி செய்தால் அடுத்த ஆள் அந்த வீட்டுக்கு வந்த பிறகே டெபாசிட் திரும்பும், கெடு எதுவும் இல்லை. இன்னொன்று, குடியிருப்பவர் தன் அன்றாட வேலைகளைத் தானே செய்ய முடியாமல் போனால் குடும்பத்தார் மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும். மாற்று ஏற்பாடு என்றால் என்ன? மறதிநோய் வந்து சட்டையைத் தலைகீழாகப் போட்டுக்கொள்ளும் நாளில் எங்களை வெளியே அனுப்புவீர்களா என்று நேராகவே கேட்டேன். அப்படி இல்லை அம்மா, சும்மா ஒரு வாசகம்தான் என்றார்கள். சும்மா வாசகம் என்றால் எடுத்துவிடலாமே. நடமாட்டம் உள்ளவரை எந்த இடமும் ஒத்துப்போகும். நாம் இங்கே வருவதே நடமாட்டம் போகிற காலத்தை நினைத்துத்தான். ஆஸ்பத்திரியில் அந்தக் கட்டத்தில் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், கூட நிற்க ஆளில்லாமல் ஒவ்வொரு டிஸ்சார்ஜும் எப்படித் தள்ளிப்போகும் என்பதையும்.

அதனால் டெபாசிட் கட்டவில்லை. மாத வாடகைக்கு இருக்கிறோம், வடசேரி வீட்டை விற்காமல் ஒத்திக்கு விட்டிருக்கிறோம். டெபாசிட் திரும்புவதற்குக் கெடு, படுக்கையில் விழுந்தால் கூடுதல் கட்டணத்துக்கு இங்கேயே பராமரிப்பு, இந்த இரண்டையும் பத்திரத்தில் எழுதிக் கேட்டிருக்கிறோம். இங்கே குடியிருக்கும் இன்னும் சிலரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் பதில் சொல்வதாக நிர்வாகம் சொல்லியிருக்கிறது.