விதைப்பந்தா, நாற்றுப் பையா, குளக்கரையா: கொங்குப் பிள்ளைகளுக்கு எது பொருந்தும்?

ஜூன் 5 சுற்றுச்சூழல் தினம் வந்தால் கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கத்துப் பள்ளிகள் பலவற்றில் விதையை மண்ணுக்குள் வைத்து உருட்டி எறியும் விதைப்பந்துதான். ஒரே காலையில் வேலை முடிந்துவிடும், போட்டோவும் நன்றாக விழும். ஆனால் நாலு முதல் எட்டு வயதுப் பிள்ளைக்கு மண் மேலும் மரத்தின் மேலும் ஒரு பொறுப்பு வரவேண்டும் என்றால், இதைப் பையில் நாற்று வளர்ப்பதோடும் குளக்கரையில் பறவை பார்ப்பதோடும் வைத்துப் பார்க்க வேண்டும். அளவுகோல் ஒன்றே: தான் செய்தது என்ன ஆயிற்று என்று அந்தப் பிள்ளையே திரும்பப் போய்ப் பார்க்க முடிகிறதா?

விதைப்பந்து

ஐந்து பங்கு களிமண், மூன்று பங்கு மக்கிய எரு, ஒரு பங்கு விதை. பெரிய விதையானால் பந்துக்கு ஒன்றிரண்டு போதும். களி குறைந்த செம்மண் தனியாகப் பிடிக்காமல் உதிரும். குளத்து வண்டல் பாதி சேர்க்க வேண்டும். எலுமிச்சை அளவுக்கு உருட்டி நிழலில் இரண்டு மூன்று நாள் காயவைக்கலாம். வெயிலில் வைத்தால் வெடித்துவிடும்.

உருட்டுவதில் சிரமமில்லை, காலக்கணக்கில்தான் கோளாறு. பல்லடம், காங்கயம், தாராபுரம் பக்கம் ஜூனில் வீசுவது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. நம்பி விதைக்கிற மழை ஐப்பசியில்தான். வேப்பம்பழம் உதிர்வதோ ஆனி, ஆடியில். வேப்பங்கொட்டையின் முளைப்புத் திறன் சில வாரங்களிலேயே சரியத் தொடங்கும். ஐப்பசி மழை வரும்போது பந்துக்குள் பெரும்பாலும் செத்த கொட்டைதான் இருக்கும். புங்கன், வெள்வேல் விதைகள் தாக்குப்பிடிக்கும்.

எறியும் இடமும் முக்கியம். காங்கயம் பக்கத்துக் கொறங்காட்டைப் பார்த்துத் தரிசு என்று நினைத்துவிடக் கூடாது. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலும் கிளுவை வேலியுமாக மாடு மேயவென்றே காத்துவைத்த நிலம் அது. அங்கே வெள்வேல் நெற்றைத் தின்னும் ஆடு புழுக்கையோடு விதைத்துவிடுகிறது, நம் பந்து தேவையில்லை. வனத்துறை நிலத்தில் அனுமதியில்லாமல் எறியக் கூடாது. சீமைக்கருவேல், சூபாபுல் (சவுண்டல்) விதைகளைச் சேர்க்கவே கூடாது. ஓடும் பஸ் ஜன்னலிலிருந்து எறிய விடுவது இன்னும் மோசம். அந்த இடத்தைப் பிள்ளை மறுபடி பார்க்கவே போவதில்லை.

நாற்றுப் பை

அரை லிட்டர் பால் கவரைக் கழுவி, அடியில் பென்சில் நுனியால் ஐந்தாறு துளை போட வேண்டும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, மக்கிய தொழு எரு ஒன்று. பச்சைச் சாணம் போட்டால் சூட்டில் வேர் கருகும், புழுவும் வரும். பொறுக்கிய வேப்பம்பழத்தின் தோலையும் சதையையும் கழுவி, கொட்டையை ஓரிரு நாளுக்குள் அதன் பருமனைப்போல் இரண்டு மடங்கு ஆழத்தில் ஊன்ற வேண்டும். முளைக்க இரண்டு மூன்று வாரம் ஆகலாம். நாலு வயதுக்கு அது பெருங்காலம். பக்கத்தில் ஒரு பையில் தட்டைப்பயறு போட்டுவையுங்கள். நாலைந்து நாளில் தலைகாட்டி ஆர்வத்தைக் காப்பாற்றும்.

நாற்றைக் கொல்வது பெரும்பாலும் பிள்ளைகளின் பாசம்தான். போகும்போதும் வரும்போதும் ஊற்றுவார்கள், தண்டு மண்ணையொட்டி அழுகிச் சாயும். "வெரல வெச்சுப் பாரு கண்ணு, ஈரமா இருந்தா இன்னிக்கு வேண்டாம்" என்று பழக்கிவிட்டு, தேவையான நாளில் பைக்கு அரை டம்ளர் என்று வையுங்கள். அப்படியும் சில போகும். போனதை ரகசியமாக மாற்றி வைக்காதீர்கள். பிடுங்கி வேரைப் பார்க்கச் சொல்லுங்கள்: அழுகலா, காய்ச்சலா, புழுவா? பாடமே அங்கேதான் இருக்கிறது.

காலாண்டு விடுமுறைக்கு யார் வீட்டுக்கு எந்தப் பை என்று முன்பே பேசி முடித்துவிட வேண்டும். ஆடியில் ஊன்றியது ஐப்பசி மழைக்கு நடத் தயாராகும். அதற்குமேல் பையில் விட்டால் வேர் சுருண்டுகொள்ளும். ஒன்றரை அடிக் குழி, கவரைக் கிழித்து அகற்றி நடவு, சுற்றிலும் வேலாமுள். முள் வைக்காத கன்று வெள்ளாட்டுக்குத்தான்.

குளக்கரை

செலவேயில்லாதது, ஆனால் ஆறு வயதுக்குக் கீழே சரிவராது. சூலூர், சிங்காநல்லூர்க் குளங்கள், திருப்பூர் நஞ்சராயன் குளம், ஈரோட்டு வெள்ளோடு பறவைகள் சரணாலயம் எல்லாம் கைக்கெட்டும் தூரம். வெள்ளோடு 2022இலும் நஞ்சராயன் 2024இலும் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. வலசைப் பறவைகளுக்கு அக்டோபர் முதல் மார்ச் வரை போகலாம்.

காலையில் வெயில் வந்ததும் கிழக்குக் கரையில் நின்றால் வெயில் முதுகில் விழும், பறவையின் நிறம் தெரியும். எதிர்ப்பக்கம் நின்றால் எல்லாமே கறுப்பு வாத்துதான். முதல் நாளுக்கு ஐந்து பறவை போதும்: நாமக்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம், கூழைக்கடா, நத்தைக்குத்தி நாரை. கறுப்பு உடம்பும் வெள்ளை நெற்றியுமாக இருக்கும் நாமக்கோழியை எந்தப் பிள்ளையும் பிடித்துக்கொள்ளும். பைனாகுலர் பெரியவர் கையில் இருக்கட்டும். முக்கால் மணி நேரத்துக்குமேல் இழுக்க வேண்டாம். ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர், கரைச் சரிவில் யாரும் இறங்கக் கூடாது.

மாதம் ஒருமுறை அதே இடத்தில் எண்ணினால்தான் இதற்குப் பயன். ஆகாயத்தாமரை மூடிய மாதம் எண்ணிக்கை மாறினால் பிள்ளைகளே கேட்பார்கள். 2015இலிருந்து நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் பதினைந்து நிமிடம் எண்ணிய பட்டியலையும் ஈபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றலாம்.

ஆக, ஆறு வயதுக்குள் நாற்றுப் பை, அதற்குமேல் அதோடு குளக்கரை. விதைப்பந்து வேண்டுமென்றே இருந்தால் பள்ளி வளாகத்திலேயே, புரட்டாசிக் கடைசியில் போடுங்கள்.

எறிந்துவிட்டுப் போகும் வேலைதான் தோது என்பவர்களுக்குப் பனங்கொட்டை இருக்கிறது. ஆவணி, புரட்டாசியில் விழுவதைப் பொறுக்கி, பஞ்சாயத்தில் கேட்டுக்கொண்டு, குளக்கரையின் வெளிப்பக்கம் பத்தடிக்கு ஒன்றாக ஒரு சாண் ஆழத்தில் புதைத்தால் போதும், தண்ணீர் ஊற்ற வேண்டாம். முளை முதலில் கீழ்நோக்கிப் போவதால் மாதக்கணக்கில் மேலே ஒன்றும் தெரியாது. அதனால் பள்ளி மணல்மேட்டில் தனியாக இருபது கொட்டை பதித்துவையுங்கள். தையில் தோண்டிக் கிழங்கை வேகவைத்துக் கொடுத்தால் கரையில் புதைத்தது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று புரிந்துவிடும். கரையில் இருப்பதைத் தோண்டக் கூடாது என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கிழங்கின் ருசி கண்டபிறகு சொன்னால் கேட்கமாட்டார்கள்.